மலைக்குப் பின்னால் நிற்கும் ரயில்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கொத்துக் கரண்டி பிடித்துப் பழகிய கை இது. பேனாவைக் கொடுத்தால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொள்ளும். பிழைகளும் நிறைய இருக்கும், பொறுத்துப் படித்துக்கொள்ளுங்கள். பேசச் சொன்னால் இதைவிட மோசம், நாலு பேர் முன்னால் எனக்கு வாயே வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் வருகிறவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவர் வீட்டம்மா இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டேன். அவர் என்னைக் கடைசி வரைக்கும் கொத்தனாரே என்றுதான் கூப்பிட்டார்.

அவரை நினைத்தால் முகம் வருவதற்கு முன்னால் ஒரு பேச்சுதான் வந்து நிற்கிறது. "அது கெடக்கட்டும். மத்ததப் பாப்போம்." எந்தக் காரியத்திலும் எது கோளாறோ அதை மட்டும் தொட மாட்டார். அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அக்கறையாகச் சரி செய்வார். கடைசியில் அவருடைய வலது காலும் அந்த 'அது'வுக்குள் போய்விட்டது. அந்தக் காலைக் காப்பாற்றத்தான் நாங்கள் ஒரு பொம்மை ரயிலோடு மல்லுக்கட்டினோம்.

காளவாசலில் அவருக்குத் தையல் மிசின் சாமான் கடை இருந்தது. ஊசி, பாபின், பெல்ட், எண்ணெய். வீடு ஒத்தக்கடையில். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு ஸ்கூட்டரில் போய் வந்தார். அது பாதி வழியில் நின்றுவிடும். அதற்குச் சீட்டு உறை மாற்றினார், கண்ணாடி மாற்றினார், ஹாரன் மாற்றினார், இரண்டு டயரும் புதிதாகப் போட்டார். இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னபோது, "அது கெடக்கட்டும்ப்பா, பிரேக்க மட்டும் டைட் பண்ணிக் குடு" என்றாராம்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குண்ணே பிரேக்கு?" என்று அவன் கேட்டதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் வீட்டுக்குப் பக்கத்து மனையில் மூன்று மாடி கட்டும்போதுதான் அவரை எனக்குத் தெரியும். சாயங்காலம் ஹால் ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஜன்னலில் முன்பெல்லாம் யானைமலை முழுதாகத் தெரிந்திருக்கிறது. நாங்கள் ஒரு தளம் போட்டதும் மலையின் கால் மறைந்தது. அடுத்த தளத்தில் வயிறு. மூன்றாவது தளம் போட்ட மறுநாள் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"மலைய மறைச்சிட்டீங்க கொத்தனாரே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாங்கள் கூலிக்குக் கட்டுகிறவர்கள்.

"அது கெடக்கட்டும். நம்ம மாடிச் சுவர்ல ஈரம் எறங்குது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தது. வேரோடு பிடுங்கினால் ஒழிய அந்தச் சுவர் நிற்காது என்றேன். அவர் கன்றின் இலையைத் தடவிப் பார்த்தார். "பச்சையா இருக்கு பாருங்க. அது கெடக்கட்டும், சுத்திப் பூசிவிடுங்க."

சுற்றிப் பூசினேன். அடுத்த மழையில் மறுபடி வெடித்தது. மறுபடி கூப்பிட்டார், மறுபடி சுற்றிப் பூசினேன். இப்படித்தான் அந்த வீட்டுக்கும் எனக்கும் போக்குவரத்து ஏற்பட்டது.

உள்ளே போன அன்றுதான் ரயிலைப் பார்த்தேன். ஹால் முழுக்க ஒரு பலகை மேஜை. அதில் தண்டவாளம், ஸ்டேஷன், கேட்டு, கேட்டில் நிற்கும் சின்ன லாரிகள். இன்ஜினுக்குள்ளேயே பேட்டரி. கையில் ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒயர் இல்லாமல் ஓட்டுவார். வெளிநாட்டில் இருக்கும் மருமகன் வாங்கிக் கொடுத்தது. சக்கரங்களுக்குக் கடையிலிருந்து கொண்டுவந்த மிசின் எண்ணெயை விடுவார், அதனால் அந்த ஹாலில் எப்போதும் தையல்கடை வாசனை அடிக்கும்.

அவர் வீட்டம்மாவை நான் அக்கா என்பேன். அக்கா சமையலறை வாசலில் நின்று சொன்னார்: "உக்காரச் சொல்ல எடமில்ல தம்பி, இங்க வந்து உக்காருங்க. இந்த வீட்டுல ரயிலுக்குத்தான் ஹாலு. எங்க கல்யாணத்துக்கே இவரு பஸ்லதான் வந்தாரு. அப்ப எங்க போச்சோ இந்த ரயிலு."

ஏன் ரயில் என்று நான் அவரைக் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒருநாள் சொன்னார்: "மறைச்சது நீங்க. நீங்களே ஒரு மலை கட்டிக் குடுங்க."

மேஜையின் ஒரு பக்கத்தில், தண்டவாளம் வளைந்து திரும்பும் இடத்துக்கு நடுவில் மலை வர வேண்டும். தெர்மாகோலில் வெட்டி ஒட்டலாம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "எலி கடிச்சுரும். கோயில்ல சுதை வேலை எப்படிச் செய்வாங்க? அப்படிக் கட்டுங்க. கெட்டியா இருக்கணும்."

எனக்குத் தெரிந்ததும் அந்த வேலைதான். கம்பி வளைத்துக் கூடு கட்டி, அதன் மேல் கோழிவலையை இறுக்கிப் போர்த்தி, சிமெண்டு பூசினேன். படுத்திருக்கும் யானையின் முதுகு, மத்தகம், தும்பிக்கை. அவர் ஜன்னலைப் பார்ப்பார், அங்கே நாங்கள் கட்டிய சுவர்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொள்வார். "தும்பிக்கை இன்னும் கொஞ்சம் சரியணும்" என்பார். சரித்தேன். பாரம் தாங்காமல் மேஜை தொய்ந்தது. அடியில் ஒரு செங்கல் தூண் எழுப்பினேன். பொம்மை ரயிலுக்கு அஸ்திவாரம் போட்ட கொத்தனார் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

வண்ணம் காய்ந்த பிறகு ரயிலை விட்டார். மலையைச் சுற்றிப் பின்பக்கம் போனது. வரவில்லை.

எட்டிப் பார்த்தால் மலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது. ரிமோட் சொல்வது கேட்காவிட்டால் அது நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அவர் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ரிமோட்டை அழுத்தினார். ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது. "மலையச் சுத்தி வாறதுன்னா சும்மாவா, மூச்சு வாங்கும்ல" என்று சிரித்தார். அன்றைக்கு அது ஒரு வேடிக்கை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதடவை எழுந்து நடப்பார்.

அப்புறம் கால்.

அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. தண்டவாளத்தைப் பலகையோடு பிடித்து அடிக்கிற சின்ன ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறியிருந்தது. அதோடு ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறார், அவருக்குத் தெரியவே இல்லை. தரையில் ரத்தக் கறையைப் பார்த்து அக்காதான் கண்டுபிடித்தார்.

புண் ஆறவில்லை. காலைத் தரையில் ஊன்றவே கூடாது, ஊன்றினால் விரல் போகும், அப்புறம் பாதம் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையைப் பூட்டினார்கள். மெத்துச் செருப்பு வாங்கினார். நார்ச் சத்து மாவு, பாகற்காய்ச் சாறு, நெல்லிக்காய் எல்லாம் பழகினார். கைத்தடியில் மூன்று வகை வைத்திருந்தார். ஊன்றாமல் இருப்பது ஒன்று மட்டும் அவரால் முடியவில்லை.

பகலெல்லாம் ஜன்னலோர நாற்காலி, எதிரே ரயில். ரயில் மலைக்குப் பின்னால் போகும், நிற்கும். இவர் எழுந்து நடப்பார்.

"அந்தக் கருமத்த நிறுத்தித்தான் வையுங்களேன்" என்பார் அக்கா.

"நிறுத்திட்டு? சொவத்தப் பாக்கவா?"

"நான் தள்ளி விடுறேன், நீங்க உக்காருங்க."

"நீ தொட்டா தடம் புரண்டுரும்."

நாற்காலியை மலைக்கு அந்தப் பக்கம் போட்டுப் பார்த்தோம். அப்போது ரயில் இந்தப் பக்கம் வந்து நின்றது. நடுவில் மலை இருக்கையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மறுபக்கம் மறைவுதானே.

ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பழக்கம். டவுனில் பழைய குடும்பம், பொறுமையான ஆள். அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருவரை ஒரு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொல்வது எனக்குப் பெரிய பாடு. ஆனால் தரையில் அக்கா துடைத்தும் போகாத கறை இருந்தது.

பாய் இன்ஜினைப் பிரித்தார். "ஆன்டெனா ஒயரச் சுருட்டி மோட்டார் பக்கத்துல திணிச்சிருக்கானுக. சுத்தி இரும்பு. பாவம், அதுக்கு எப்பிடிக் காது கேக்கும்?"

அண்ணன் ரிமோட்டை டிவிக்கு நீட்டுவது போல ரயிலை நோக்கி நீட்டினார். பாய் அவர் கையைப் பிடித்து நிமிர்த்தினார். "நீட்டாதீங்கண்ணே. இந்த ஆன்டெனாக் குச்சியோட நுனிப் பக்கம் அலை போகாது, பக்கவாட்டுலதான் பரவும். ஊதுபத்தி மாதிரி நட்டமாப் புடிங்க."

"இத்தன நாளா நான் குத்திக்கிட்டுல்ல இருந்திருக்கேன்."

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாய் சொன்னதை எல்லாம் செய்தோம். ரிசீவரை இன்ஜினிலிருந்து எடுத்து அடுத்த பெட்டிக்கு மாற்றினார், அது பிளாஸ்டிக் பெட்டி. ஆன்டெனா ஒயரைப் பெட்டியின் கூரையோடு நீட்டி ஒட்டினார். மோட்டாரில் பொறி பறப்பதுகூட இடைஞ்சலாம், அதற்கு ஒரு மிளகு அளவு கண்டென்சரை வைத்துப் பற்றவைத்தார். நாற்காலிக்கும் மேஜைக்கும் இடையில் இருந்த இரும்பு பீரோவை நானும் பாயும் படுக்கையறைக்குத் தள்ளினோம். இன்டர்நெட் பெட்டியைச் சமையலறைப் பரணுக்கு ஏற்றினோம்.

ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பலன் இருந்தது. முன்பெல்லாம் ஸ்டேஷன் தாண்டினாலே திக்கும் ரயில், இப்போது கேட்டு வரைக்கும் ஒழுங்காக ஓடியது. அப்புறம் மலையின் காலடி வரைக்கும். அண்ணன் குழந்தை மாதிரி கை தட்டினார். மலைக்குப் பின்னால் போனதும் நின்றது.

பாய் கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மலைக்குள்ள என்ன வச்சுக் கட்டுனீங்க?"

"கம்பி. கோழிவலை" என்றேன்.

பாய் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "வலைக்கு அந்தப் பக்கம் அலை போகாதுப்பா. இம்புட்டு வேலையும் பாத்துட்டு இத முதல்ல கேக்காம விட்டேன் பாரு. அண்ணே, மலைய எடுத்துருங்க. தெர்மாகோலு, அட்டை, எதுல வேணா வைங்க. அம்புட்டுத்தான் வைத்தியம், இன்ஷா அல்லா ஓடும்."

அண்ணன் மலையைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். "அது கெடக்கட்டும் பாய். டீ ஆறுது பாருங்க."

அக்கா உள்ளே போய்விட்டார். பாத்திரம் ஒன்று சத்தமாக விழுந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் அக்கா நான் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்தார். மணல் குவியல் பக்கத்தில் நின்றார். சாரத்திலிருந்து இறங்கி வந்தேன்.

"தம்பி, நாளைக்குக் கட்டு மாத்தக் கூட்டிட்டுப் போறேன். வர மத்தியானம் ஆயிரும். சாவியத் தாரேன். அந்த மலைய ஒடச்சுப் போட்டுரு."

"அண்ணங்கிட்டக் கேக்காமயா அக்கா?"

"கேட்டா என்ன சொல்லுவாருன்னு ஒனக்குத் தெரியாதா? விரலு கறுத்துப் போச்சு தம்பி. நான் அதக் கழுவுறேன், அவரு சீலிங் பேனு தூசியா இருக்குங்கிறாரு."

நான் சாவிக்குக் கை நீட்டவில்லை. அவரே சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். "வேணாம் விடு. நீயும் அவரு ஆளுதான்."

அன்று சாயங்காலம் நான் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "அண்ணே, மலைய எடுத்துட்டு அதே மாதிரி லேசா ஒண்ணு செஞ்சு தாரேன். தும்பிக்கை எல்லாம் அப்பிடியே வரும். நீங்க எந்திரிக்க வேணாம். காலு பொழச்சுக்கும்ணே."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க இம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்லையே கொத்தனாரே."

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"அது கெடக்கட்டும். நீங்க ஒண்ணு செய்யுங்க. ஒரு பலகைக்கு அடியில சக்கரம் வச்சுக் குடுங்க. அதுல உக்காந்து உருண்டு போய்க்கிறேன். காலும் ஊன்ற வேணாம், மலையும் இருக்கும்."

செய்து கொடுத்தேன். மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் அது நுழையவில்லை, செங்கல் தூண் இடித்தது. ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார்.

விரலை எடுத்தார்கள். சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நாற்காலியில்தான் இருந்தார். முழங்கால் வரைக்கும் கட்டு. கால் ஒரு ஸ்டூலின் மேல் தலையணையில் இருந்தது.

"மலைய எடுத்துருங்க கொத்தனாரே."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று அக்காவைப் பார்த்தேன். அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். இந்த மனிதர் முதல்முதலாக எது கோளாறோ அதன் மேலேயே கையை வைக்கச் சொல்கிறார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மறுநாளே உளி, சுத்தியலோடு வந்துவிட்டேன்.

அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாகக் கட்டிய பொருளை உடைப்பது லேசில்லை. சில்லுச் சில்லாகத்தான் பெயர்ந்தது. வலையைக் கத்தரித்து இழுத்தபோது மத்தகம் முழுதாகக் கையோடு வந்தது. "கெட்டியாத்தான் கட்டியிருக்கீங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, பாராட்டித்தான் சொன்னார்.

இனித் தேவையில்லை என்று செங்கல் தூணையும் பெயர்த்துவிட்டு, தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, பிளேடால் செதுக்கி, சுவருக்குப் பூசும் பட்டியை மேலே தேய்த்து, பழைய வண்ணத்தையே அடித்தேன். எட்ட இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவர் ரிமோட்டை நட்டமாகப் பிடித்துக்கொண்டு ரயிலை விட்டார். மலைக்குப் பின்னால் போனது. இன்ஜினின் முகம் தும்பிக்கைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது.

"இப்ப எங்க போனாலும் கேக்குது" என்றார்.

அக்கா முதல்முறையாக ஹாலில் உட்கார்ந்து ரயிலைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அண்ணன் ரயிலைப் பார்க்கவில்லை. கை ரிமோட்டில் இருந்தது, கண் ஜன்னலுக்கு வெளியே சுவரில் இருந்தது.

அடுத்த வாரம் போனபோது அக்கா சமையலறைக்குள் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "விரல எடுத்த அன்னைக்கே டாக்டரு சொல்லிட்டாராம் தம்பி. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும், வேற வழியில்லைன்னு. எங்கிட்டச் சொல்ல வேணாம்னு இவரு கேட்டுக்கிட்டாராம். மகளுக்கு நேத்துத்தான் தெரிஞ்சிருக்கு."

ஹாலில் ரயில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மலையை எடுக்கச் சொன்ன அன்று அவருக்குக் கால் போவது தெரியும். கால் போவது முடிவான பிறகுதான் மலையை விட்டுக் கொடுத்தார். அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒருதடவை பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் ரொம்ப நல்ல பையன் என்றார். இட்லி கல்லாக இருக்கிறது என்றார். அந்த மாடிச் சுவரை மழைக்கு முன்னால் ஒருதடவை பூசிவிடுங்கள் என்றார். போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அவர் அங்கே பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. காய்ச்சல் விடவே இல்லை. வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

அன்றைக்கு அக்காவின் அண்ணன் மகன் எனக்குப் போன் செய்தான். "அண்ணே, வண்டி மாட்டுத்தாவணி தாண்டிருச்சு. ஹால்லதான் ஐஸ்பெட்டிய வைக்கணும். மேஜை கெடக்கு. வாசல் வழியா வெளிய வராது போல. நீங்கதான் வரணும்."

ஓடினேன். மேஜையை ஹாலுக்குள்ளேயே வைத்து அடித்திருந்தார்கள், முழுதாக வெளியே வராது. இரண்டாக அறுக்க வேண்டும். அதற்கு முன்னால் அறுக்கிற இடத்தில் இருப்பதை எல்லாம் எடுக்க வேண்டும். பையன்கள் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். வாளால் நான் நடுப்பலகையை அறுத்தேன். மரத்தூள் தரையெல்லாம் விழுந்தது. யாரோ ஒரு அம்மா பின்னாலேயே பெருக்கிக்கொண்டு வந்தார்.

"மலைய எடுங்கண்ணே."

அடியில் இரண்டு கையையும் கொடுத்தேன். சிமெண்டு மலையின் கனத்தைக் கை இன்னும் ஞாபகம் வைத்திருந்தது போல, நான் மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கனமும் இல்லாமல் மேலே வந்துவிட்டது. தடுமாறிப் பின்னால் ஒரு எட்டு வைத்தேன்.

வாசலுக்குக் கொண்டு வந்தேன். நாற்காலிகள் போட்டிருந்தார்கள், எல்லாவற்றிலும் ஆட்கள். தரையில் வைத்தால் மிதித்துவிடுவார்கள். அதற்குள் வண்டி வந்து நின்றது. பெட்டியை இறக்கினார்கள்.

"அண்ணே, வழி விடுங்க. அத எங்கயாச்சும் வைங்க."

எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, மலையை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டேன். மறு கையால் பெட்டி இடிக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளே போனார்.

ஒத்தக்கடை. ஐப்பசி மாதம் பதினோராம் தேதி, மழையால் வேலை இல்லாத திங்கட்கிழமை.